ஒரு வீட்டுக் கதவும் ஊர்க் காவலும்

(தமிழ் மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கணிப்பொறியையும் கைப்பேசியையும் நாள்தோறும் கையாளும் எளிய மக்கள், அவற்றைத் தாக்கும் தீநிரல்களின் கேட்டை உள்ளபடியே பொருட்படுத்துகின்றார்களா என்பது இன்றைய உரைக்குரிய வினா. இதற்கு ஒரு சொல்லில் விடை கூறிவிடலாகாது. மக்கள் அஞ்சுகின்றார்கள், அதில் ஐயமில்லை. வங்கிக் கணக்கிலிருந்து எவர் பணமோ பறிபோயிற்று என்னும் செய்தியைப் படித்தவுடன் நெஞ்சு துணுக்குறாதார் இலர். ஆயின் அஞ்சுதல் வேறு, பொருட்படுத்துதல் வேறு. இடியோசைக்கு நடுங்குகின்றவன் எல்லாம் கூரையைச் செப்பனிட்டவன் ஆகான். அச்சம் ஒரு நொடியில் வந்து மறு நொடியில் போவது. பொருட்படுத்துதலோ நாள்தோறும் செய்யும் செயலில் தெரிவது. அச்சம் மிகுந்தும் செயல் குறைந்தும் இருப்பதே இன்றைய நிலை. அதன் கரணியம் யாது, தீர்வு யாது என்பனவே இங்கு ஆராயத்தக்கன.

முதற்கண் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நன்று. கணிப்பொறி தானாக எதுவும் செய்வதில்லை. இன்னது செய்க, இன்னது தவிர்க்க என்று மாந்தன் எழுதிக் கொடுக்கும் கட்டளைக் கோவையே அதனை இயக்குகின்றது. அக்கோவைக்கு நிரல் என்று பெயர். உடையவன் இசைவின்றி உட்புகுந்து, அவனுக்கோ பிறர்க்கோ கேடு செய்யுமாறு எழுதப்பெற்ற நிரல் தீநிரல். மற்றொரு நிரலைப் பற்றிக்கொண்டு பரவுவது நச்சுநிரல். வைரசு என்று மக்கள் வழங்குவது இதனையே. பிறர் துணையின்றித் தானே ஒரு பொறியிலிருந்து மறு பொறிக்கு ஊர்ந்து செல்வது புழுநிரல். நல்லது போல் தோற்றங்காட்டி உள்ளே நுழைவது மரக்குதிரை நிரல். கோப்புகளையெல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு, பணம் கொடுத்தால்தான் திறப்பேன் என்று மிரட்டுவது பிணைநிரல்.

இவையனைத்தையும் தீம்பொருள் என்று எழுதுவாரும் உளர். தமிழறிந்தார்க்கு அச்சொல்லில் ஒரு நயம் தோன்றும். தீம்பு என்பது கேடு. தீம் என்பதோ இனிமை. தீம்பால், தீங்கனி என்னும் வழக்குகளைக் காண்க. கேட்டையும் இனிமையையும் ஒருசேர நினைவூட்டும் அச்சொல், ஆக்கியோர் கருதினரோ இலரோ, அப்பொருளின் இயல்பையே உரைத்துவிடுகின்றது. தீநிரல்களுள் மிகப் பல இனிப்புப் பூசிக்கொண்டே வருகின்றன.

2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், பிலிப்பைன்சு நாட்டு மணிலாவிலிருந்து புறப்பட்ட மின்னஞ்சல் ஒன்று உலகைச் சுற்றியது. ‘உன்னைக் காதலிக்கின்றேன்’ என்னும் பொருள்பட அமைந்தது அதன் தலைப்பு. உடன் வந்த காதல் மடலைப் படிக்குமாறு அது வேண்டிற்று. திறந்தால் மடல் இல்லை, நிரல் இருந்தது. அந்நிரல் பொறியிலிருந்த படக்கோப்புகளை அழித்தது. முகவரிப் பட்டியலில் இருந்தார் அனைவர்க்கும் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. அறிந்தவர் பெயரில் வந்தமையால் பெற்றவர் ஐயுறவில்லை. பிரித்தானிய நாடாளுமன்றம் தன் மின்னஞ்சல் அமைப்பையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. அதனை எழுதிய ஓனல் டி குசுமன் என்னும் மாணவன் மீது வழக்கு நிற்கவில்லை. அக்குற்றத்துக்குரிய சட்டம் அந்நாட்டில் அந்நாளில் இல்லை. அதன் பின்னரே இயற்றப்பட்டது.

தன்மேல் அன்புடையார் யார் என்று அறியும் விழைவு எல்லார்க்கும் உண்டு. அவ்விழைவே அன்று கதவைத் திறந்தது. விழைவு மட்டுமன்று, நற்குணமும் கதவைத் திறப்பதுண்டு. 2016ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்றில், அமெரிக்க நாட்டு இல்லினாய்சுப் பல்கலைக்கழக வளாகத்தில் 297 விரலிகளை ஆய்வாளர் ஆங்காங்கே போட்டு வைத்தனர். பென்டிரைவ் என்று மக்கள் சொல்லும் சிறு நினைவகமே விரலி. அவற்றுள் குறைந்தது 45 விழுக்காடு எடுத்துச் செல்லப்பட்டுக் கணிப்பொறியில் செருகப்பட்டன. உள்ளிருந்த கோப்புகளும் திறக்கப்பட்டன. முதல் விரலி ஆறு மணித்துளிகள் நிறைவதற்குள்ளேயே செருகப்பட்டது. ஏன் செருகினீர் என்று வினவியபோது, விடையளித்தவருள் பெரும்பாலார் உரியவரிடம் திருப்பிக் கொடுப்பதற்காக என்றனர். அவர்கள் தீயரும் அல்லர்; கல்லாதாரும் அல்லர். வீதியில் கிடந்த மருந்தை எடுத்து உண்ணாத அவர்கள், வீதியில் கிடந்த விரலியைத் தயங்காது பொறிக்குள் செருகினர். காணும் பொருளில் உள்ள விழிப்பு காணாப் பொருளில் இல்லை.

இனி, பொருட்படுத்தாமையின் முதற் கரணியத்துக்கு வருவோர் ஒரு சொற்றொடரைத் தவறாமல் கேட்பர். “என்னிடம் என்ன இருக்கிறது, ஒருவன் வந்து திருடுவதற்கு?” என்பதே அது. கேட்பதற்குப் பணிவாகவும் தன்னறிவாகவும் தோன்றும் இக்கூற்றே தீநிரலாளர்க்கு வாய்த்த பெருந்துணை. தீநிரல் வீட்டின் செல்வத்தைப் பார்த்து வருவதன்று. கதவைப் பார்த்து வருவது. திறந்த கதவு எதுவாயினும் அதற்கு ஒன்றே.

1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள், கார்னெல் பல்கலைக்கழக மாணவராகிய இராபர்ட் மோரிசு என்பார் புழுநிரல் ஒன்றை அமெரிக்க இணையத்தில் விடுத்தார். அது எவர் பெயரையும் குறித்துச் செல்லவில்லை. தளர்ந்த இடம் கண்ட வழியெல்லாம் புகுந்தது. பயனரின் பெயரையே கடவுச்சொல்லாக இட்டுப் பார்த்தது. அப்பெயரைத் திருப்பி இட்டுப் பார்த்தது. தன்னுள் வைத்திருந்த 432 சொற்களையும் ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தது. ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகிப் பொறிகளை இயங்கவொட்டாது செய்தது. அந்நாளில் இணையத்தோடு இணைந்திருந்தவை ஏறத்தாழ 60,000 பொறிகள்; அவற்றுள் ஏறத்தாழ 6,000 பொறிகள் தாக்குண்டன என்பது மதிப்பீடு. எளிய கடவுச்சொல் வைத்தவர் அன்றே பாடம் பெற்றிருக்க வேண்டும்.

பெறவில்லை என்பதற்கு 2016ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டில் ‘மிராய்’ என்னும் தீநிரல் கணிப்பொறிகளை நாடாமல், வீடுகளிலும் கடைகளிலும் மாட்டப்பட்ட காவற் படக்கருவிகளையும் இணைய வழிப்படுத்திகளையும் நாடியது. ஆலையிலிருந்து வரும்போதே அவற்றில் இடப்பட்டிருந்த கடவுச்சொற்களை வாங்கியோர் பலர் மாற்றவில்லை. அறுபதுக்குச் சற்று மிகுதியான பெயர்–கடவுச்சொல் இணைகளே மிராயிடம் இருந்தன. அவ்வளவே போதியதாயிற்று. பிடிபட்ட கருவிகளைக் கொண்டு அக்டோபர் 21ஆம் நாள் ‘டைன்’ என்னும் இணையப் பெயர்சேவை நிறுவனம் தாக்கப்பட்டது. டுவிட்டர், நெட்பிளிக்சு முதலிய தளங்கள் அமெரிக்காவில் பல மணிநேரம் முடங்கின.

இங்கே ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. படக்கருவிக்கு உடையவர் இழந்தது என்ன? ஒன்றுமில்லை. அவர் கருவி முன்போலவே படம் காட்டியது. தன் கருவி கள்வர் படையிற் சேர்ந்து பிறரைத் தாக்கிற்று என்பதையே அவர் அறிந்திருக்க மாட்டார். ஆகவே, “என்னிடம் என்ன இருக்கிறது?” என்னும் வினாவே பிழை. “என் பொறியைக் கொண்டு எவர்க்கு என்ன செய்யலாம்?” என்பதே கேட்கத்தக்க வினா. கூரைவீடுகள் நெருங்கிய தெருவில் ஒருவன் அடுப்பை அணையாது உறங்கினால், அது அவன் வீட்டுச் செய்தியாக மட்டும் நிற்குமா? எண்ணிப் பாருங்கள்.

ஒட்டுநிரலின் செய்தியும் அத்தகையதே. இயங்குதளத்தில் ஓட்டை கண்டபோது, அதனை அடைப்பதற்கு ஆக்கியோர் விடுப்பது ஒட்டுநிரல். 2017ஆம் ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் மைக்ரோசாப்டு நிறுவனம் விண்டோசு இயங்குதளத்தின் ஓட்டையொன்றுக்கு அவ்வாறு ஒட்டுநிரல் விடுத்தது. 59 நாள் கழித்து, மே 12ஆம் நாள், அதே ஓட்டை வழியாக ‘வான்னாக்ரை’ என்னும் பிணைநிரல் புகுந்தது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2,00,000-க்கும் மேற்பட்ட பொறிகளில் கோப்புகள் பூட்டப்பட்டன. திறப்பதற்கு 300 தாலர் மதிப்புள்ள பிட்காயின் கட்டுக என்று திரையில் எழுத்துத் தோன்றிற்று.

அத்தாக்குதலில் இங்கிலாந்தின் பொதுமருத்துவ அமைப்பு பட்ட பாடு ஏட்டில் உள்ளது. 236 மருத்துவ அறக்கட்டளைகளுள் குறைந்தது 80 இடருற்றன. 19,000-க்கும் மேற்பட்ட மருத்துவ முன்பதிவுகள் நீக்கப்பட்டிருக்கும் என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் மதிப்பிட்டது. ஐந்து வட்டாரங்களில் உயிர்காப்புப் பண்டுவம் நாடியோர் தொலைவிலுள்ள மருத்துவமனைகளுக்குச் செல்ல நேர்ந்தது. அடிப்படைப் பாதுகாப்பு நெறிகளைக் கடைப்பிடித்திருந்தால் இதனைத் தடுத்திருக்கலாம் என்பது அவ்வலுவலகத்தின் முடிவு. அடைப்பான் கையில் இருந்தது, ஓட்டை அடைக்கப்படவில்லை. “பிறகு நினைவூட்டுக” என்று திரையில் அழுத்தும் விரலுக்கு எத்துணை எடை உண்டு என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

அயர்லாந்து நாட்டின் நிகழ்ச்சி இதனினும் கூர்மையானது. 2021ஆம் ஆண்டு மார்ச்சு 18ஆம் நாள், அந்நாட்டு நலத்துறையில் பணியாளர் ஒருவரின் மேசைக் கணிப்பொறியில், மின்னஞ்சலோடு வந்த கணக்குத்தாள் கோப்பு ஒன்று திறக்கப்பட்டது. ஒரு கோப்பு, ஒரு மேசை. அவ்வழியே புகுந்தவர்கள் எட்டுக் கிழமைகள் ஓசையின்றி உள்ளே பரவினர். மே 14ஆம் நாள் பிணைநிரலை ஏவினர். நாடு முழுமைக்குமான நலத்துறைக் கணிப்பொறி அமைப்புகள் நிறுத்தப்பட்டன. மருத்துவர் தாளும் எழுதுகோலும் கொண்டு பணிபுரிந்தனர். இதில் அவ்வொரு பணியாளரைப் பழித்தல் அறமன்று. ஒரு கதவு திறந்தவுடன் ஊரே வீழும் வண்ணம் உட்சுவர் இல்லாமல் கட்டியவர் பொறுப்பு அதனினும் பெரிது.

பொறுப்பைப் பங்கிடும் இவ்விடத்தில், மறுதரப்பாரின் வாதத்தையும் நடுநின்று கேட்டல் வேண்டும். 1999ஆம் ஆண்டில் ஆன் ஆடம்சு, ஏஞ்சலா சாசே என்னும் ஆய்வாளர் இருவர், பயனர் பகைவர் அல்லர் என்று தலைப்பிட்டே ஆய்வுரை எழுதினர். மாந்தர் நினைவாற்றலுக்கு மிஞ்சிய விதிகளைச் சுமத்திவிட்டுப் பின் அவரையே குறைகூறல் தகாது என்பது அவர் கருத்து. 2009ஆம் ஆண்டில் மைக்ரோசாப்டு ஆய்வுப் பிரிவைச் சார்ந்த கார்மக் எர்லி என்பார் இன்னும் ஒரு படி மேற்சென்றார். அறிவுரைகளை மக்கள் தள்ளுவது மடமையன்று. அவற்றைக் கடைப்பிடிக்க ஆகும் உழைப்பு, தமக்கு நேரக்கூடிய இழப்பினும் மிகுதியாக இருத்தலால் கணக்கறிந்தே தள்ளுகின்றனர் என்றார்.

இவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. கடவுச்சொல்லைச் சில திங்களுக்கொரு முறை மாற்றுக என்று பல்லாண்டுகள் ஓதினர். 2017ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தரநிறுவனமே, கசிந்ததற்கான சான்றின்றி அவ்வாறு கட்டாயப்படுத்த வேண்டா என்று நெறி வகுத்தது. பழைய அறிவுரையைத் தள்ளிய எளியவர் கணக்கு அவ்வளவில் சரியாயிற்று. காதல் மடல் வந்த நாளில், கோப்புப் பெயரின் இறுதிப் பகுதியை மறைத்துக் காட்டியது விண்டோசின் அமைப்பே. அதனால்தான் நிரல் வெறும் எழுத்துக்கோப்புப் போல் தோன்றிற்று. படக்கருவிகளுக்கெல்லாம் ஒரே கடவுச்சொல் இட்டவர் ஆலையாளரே. 2017 சூன் 27இல் உக்ரைனில் வெடித்த ‘நாட்பெட்யா’, அந்நாட்டார் நம்பிய கணக்கு நிரலின் புதுப்பிப்பு வழியாகவே புகுந்தது. அங்கே விழிப்போடு புதுப்பித்தவரும் வீழ்ந்தனர். ஆக்குவோரைச் சட்டம் கட்டுப்படுத்த வேண்டும் என்பதில் ஐயமில்லை. பிரித்தானிய நாடு 2024 ஏப்பிரல் 29 முதல், எளிதில் உய்த்துணரத்தக்க பொதுக் கடவுச்சொல்லோடு வீட்டுக் கருவிகளை விற்பதைச் சட்டத்தால் தடுத்துள்ளது. மிராய் கற்பித்த பாடம் சட்டமாக எட்டாண்டு ஆயின.

ஆயினும் அக்கணக்கில் ஒரு குறை உண்டு. ஒருவன் தன் இழப்பை மட்டும் தட்டில் வைத்து நிறுத்தால் கணக்கு அவன் பக்கம் சாயலாம். அயலான் இழப்பையும் உடன் வைத்து நிறுத்தால் சாயாது. மேலும், நீண்ட அறிவுரைப் பட்டியல் சுமையென்பதால் எல்லாவற்றையும் எறிந்துவிடலாம் என்பது முடிவாகாது. சுமையைக் குறைத்து, பயன் மிக்க சிலவற்றை விடாது பற்றுதலே முடிவாகும்.

தமிழர்க்கு இச்சிக்கலில் தனியாக ஒரு கூறு உண்டு, அது மொழி. 2024ஆம் ஆண்டில் இமாச்சலப் பிரதேசக் காவல்துறை உள்ளிட்டோர் ஓர் ஏமாற்றைக் குறித்து மக்களை எச்சரித்தனர். வாட்சாப்பில் திருமண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வரும். அது படமன்று, ஏ.பி.கே. என முடியும் செயலிக் கோப்பு. திறந்து நிறுவினால், கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்திகளையும் வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லையும் கள்வர் படித்துவிட இயலும். மீண்டும் அதே இனிப்பு! ஆயின் ஆண்டுராய்டு கைப்பேசி அதனை ஓசையின்றி உள்ளே விடுவதில்லை. அறியாத இடத்திலிருந்து வந்த செயலி இது, நிறுவலாமா என்று கேட்கின்றது. குறுஞ்செய்தியைப் படிக்க இசைவு தருகிறீரா என்றும் கேட்கின்றது. காவலன் கேட்கின்றான், ஆனால் ஆங்கிலத்தில் கேட்கின்றான்.

ஆங்கிலம் அறியாத தாய்க்கும் தந்தைக்கும் அவ்வினா ஒரு வினாவன்று. வழியில் நிற்கும் ஒரு தடை. எந்த இடத்தில் அழுத்தினால் திரை விலகும் என்பதை மட்டும் அவர்கள் பழகி வைத்திருக்கின்றார்கள். புரியாத மொழியில் வந்த எச்சரிக்கை எச்சரிக்கையாகாது. அவ்வாறிருக்க, அவர்களைப் பொருட்படுத்தாதவர் என்று பழித்தல் நேர்மையோ? கைப்பேசியிலும் விண்டோசிலும் தமிழ் இடைமுகம் ஆயத்தமாகவே உள்ளது. வீட்டிலுள்ள இளைஞர் ஒருவர் அமைப்புகளுக்குள் சென்று மாற்றிக் கொடுத்தால் போதும். தமிழில் கேட்கப்பட்ட வினாவுக்குத் தமிழர் எண்ணி விடையளிப்பர். தாய்மொழி என்பது மேடைக்கு அணி மட்டுமன்று. வீட்டுக்குக் காவலும் ஆகும்.

இனி, கடைப்பிடிக்கத்தக்கன ஐந்து.

ஒன்று: புதுப்பிப்பு வந்தால் தள்ளிப் போடாமை. தானே புதுப்பித்துக்கொள்ளுமாறு ஒருமுறை அமைத்துவிட்டால் நாள்தோறும் நினைக்க வேண்டுவதில்லை. நாட்பெட்யா போன்றவை அருகியே நிகழ்வன. அடையாத ஓட்டைகளோ நாளும் தேடப்படுவன. விண்டோசு 10-க்குரிய பொதுவான புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. நீட்டிப்புத் திட்டத்தில் சேராத அப்பொறிகள் ஓட்டை அடைபடாமலே இயங்குகின்றன. புதுப்பொறி வாங்க இயலாதார் விலையின்றிக் கிடைக்கும் இலினக்சு இயங்குதளத்துக்கு மாறலாம்.

இரண்டு: இன்றியமையாக் கோப்புகளுக்கு மறுபடி எடுத்து, பொறியோடு இணைக்காமல் தனியே வைத்தல். மறுபடி உடையவனைப் பிணைநிரல் மிரட்டினாலும் பணிய வைத்தல் அரிது.

மூன்று: ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறான நீண்ட கடவுச்சொல்; மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டாம் பூட்டு. கருவி வாங்கிய நாளிலேயே அதன் ஆலைக் கடவுச்சொல்லை மாற்றல்.

நான்கு: செய்தி வழியாக வந்த எச்செயலியையும் நிறுவாமை. அழைப்பு உண்மையாயின், அழைத்தவரைப் பேசிக் கேட்க ஒரு மணித்துளி போதும்.

ஐந்து: ஏமாந்தவர் நாணி மறைக்காமை. பணம் போயிற்றெனின் உடனே 1930 என்னும் எண்ணுக்குச் சொல்லுதல் வேண்டும். கடத்தும் ஒவ்வொரு மணிநேரமும் கள்வர்க்கு ஊதியம். ஏமாந்தவரை எள்ளி நகையாடுவோர், அடுத்து ஏமாறுவோரின் வாயைப் பூட்டுகின்றனர். காதல் மடலுக்கு நாடாளுமன்றமே ஏமாந்தது என்பதை அவர்கள் நினைக்க வேண்டும்.

பெரியோர்களே! எளிய மக்கள் தீநிரலைப் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பது உண்மை. அதற்கு மடமை மட்டும் கரணியமன்று. தனக்கென்ன என்னும் தன்னளவுக் கணக்கு ஒன்று. ஆக்குவோர் செய்த பிழை ஒன்று. அறியாத மொழியில் வந்த எச்சரிக்கை ஒன்று. பின்னிரண்டையும் மாற்றச் சட்டமும் முயற்சியும் காலமும் வேண்டும். முதலாவதை மாற்ற எவர் இசைவும் வேண்டியதில்லை.

இன்று வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் தம் பெற்றோர் கைப்பேசியை எடுத்து அதன் மொழியைத் தமிழாக்குக. நிலுவையில் நிற்கும் புதுப்பிப்பை முடித்துக் கொடுக்க. ஒரு வீட்டுக் கதவு அடைபட்டால் ஒரு தெருவின் இடர் அவ்வளவில் குறையும். ஊர்க்காவல் என்பது ஊரார் அனைவரும் தத்தம் கதவை அடைத்தலே.